செகண்ட் பி.யூ. படிக்கும் ஒரு கே பையனை இயல்பாக எழுதுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு அல்சூரில் வளர்ந்த நான்கு தமிழ்ப் பிள்ளைகள் (நவீன், கவிதா, ஜோசப், ஷாலினி), செகண்ட் பி.யூ., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறார்கள். ஆறு பகுதி ரொமான்டிக் காமெடித் தொடர். நால்வரில் நவீன் கே, அதாவது ஆண்கள்மேல் ஈர்ப்பு உள்ளவன். அவனை வைத்து அழுகைக் காட்சி வேண்டாம், மற்ற மூவரைப் போலவே அவனும் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வரைவைப் படித்த நண்பர் ஒருவர், "நவீன் கேயா இருக்கறது கதைக்கு எதுக்கு? அதை எடுத்துட்டாலும் ஒண்ணும் மாறலையே" என்று கேட்டிருக்கிறார். எடுத்தாலும் மாறாமல் இருப்பதுதானே இயல்பு, இதில் என்ன தவறு என்பது உங்கள் குழப்பம். எந்தப் படங்களைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

திரைக்கதை படித்துக் கருத்துச் சொல்வது என் தொழில். இதே நகரத்தில் இளம் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் பேசியிருக்கிறேன். உங்கள் நண்பர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஆனால் அதற்காக நவீனின் அடையாளத்தை எடுத்துவிட வேண்டியதில்லை.

உங்கள் கதைச்சுருக்கத்தில் நவீன் வரும் இடங்களை மட்டும் கோடு போட்டுப் பார்த்தேன். ஃபேர்வெல்லுக்குக் கவிதா கட்டப்போகும் புடவையைத் தேர்ந்தெடுத்துத் தருகிறான். ஜோசப் அனுப்ப வேண்டிய மெசேஜை எழுதிக் கொடுக்கிறான். ஷாலினி அழும்போது பக்கத்தில் உட்காருகிறான். நல்ல வசனங்களெல்லாம் அவனுக்குத்தான். ஆனால் ஆறு பகுதி முடிந்தும் அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை, யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இந்த வகைக் கதையில் ஆசை இல்லாதவன் மற்றவர்களின் காதலுக்கு எடுபிடியாகத்தான் நிற்க முடியும். மற்ற மூன்று பேருக்கும் கதை அள்ளிக் கொடுக்கிற வெட்கம், அசடு வழிதல், தப்புக் கணக்கு, பொறாமை, வீண் நம்பிக்கை எல்லாம் அவனுக்கும் கிடைக்கணும். நீங்கள் தேடும் இயல்பு அதிலிருந்துதான் வரும்.

இதை அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஊடகங்களைக் கவனித்துவரும் கிளாட் என்ற அமைப்பு 2013-ல் மூன்று கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டது. ஹாலிவுட் படங்கள் தன்பாலீர்ப்பாளர்களைக் காட்டிய வரலாற்றை 1981-ல் புத்தகமாக எழுதிய விட்டோ ரூஸ்ஸோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர் கதையில் தெளிவாகத் தெரிகிறாரா? அந்த ஒரு அடையாளத்தைத் தவிரவும் அவருக்கு வாழ்க்கை இருக்கிறதா? அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் கதை கணிசமாக ஆட்டம் காணுமா? நவீன் முதல் இரண்டிலும் தேறிவிடுகிறான். மூன்றாவதில் தேறவில்லை. புடவையை ஷாலினியே தேர்ந்தெடுக்கலாம், மெசேஜை ஜோசப்பே எழுதலாம், தொடர் அப்படியே ஓடும். நண்பர் நவீனின் அடையாளத்தை எடுத்துப் பார்த்துக் குறை சொன்னார். உண்மையில் ஆளையே எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்பதுதான் வரைவின் குறை.

படங்களுக்கு வருகிறேன். 1995-ல் ஏமி ஹெக்கர்லிங் எழுதி இயக்கிய 'க்ளூலெஸ்' இந்த வகையில் ஒரு முக்கியமான படி. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலை பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த படம் அது. நாவலில் ஃபிராங்க் சர்ச்சில் என்றொரு இளைஞன் வருவான். அவன் தன்னைச் சுற்றி வருவதாக எம்மா நினைப்பாள். அவனுக்கோ வேறொருத்தியோடு ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்கும். 1815-ல் வந்த நாவலுக்கு அந்த ரகசியம் போதும். 1995-ல் கலிஃபோர்னியாவின் பள்ளிப் பையனுக்கு அது பொருந்தாதே. அதனால் ஹெக்கர்லிங் அந்த இடத்தில் கிறிஸ்டியன் என்ற கே பையனை வைத்தார். படத்தின் எம்மாவான நாயகி ஷெர் அவனை மயக்க என்னென்னவோ செய்கிறாள். கடைசியில் தோழியின் காதலன் மர்ரி விஷயத்தைப் போட்டு உடைக்கிறான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதை. ஊரில் எல்லாருக்கும் ஜோடி சேர்த்துவைக்கத் தனக்குத் தெரியும் என்று நம்பும் ஷெர்ரின் தன்னம்பிக்கை மேல் விழுகிறது. கிறிஸ்டியன் மேல் ஒரு துளிகூட இல்லை. உண்மை தெரிந்த பிறகு படம் நின்று வருந்துவதும் இல்லை, பாடம் எடுப்பதும் இல்லை. இருவரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். மாலில் சில பையன்கள் ஷெர்ரின் தோழி டாயைக் கைப்பிடிக்கு வெளியே தொங்கவிட்டு விளையாடும்போது ஓடிவந்து காப்பாற்றுவது கிறிஸ்டியன்தான். அவனை எடுத்துவிட்டால் நடுக்கதையே சரிந்துவிடும். ரூஸ்ஸோ சோதனை வருவதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். ஒரே குறை, கிறிஸ்டியனுக்கென்று காதல் கதை கிடையாது. அந்தக் காலத்துக்கு அது பெரிய எட்டு. இன்றைக்கு எழுதுகிற நீங்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

'மீன் கேர்ள்ஸ்' (2004) படத்தின் டேமியனும் இப்படித்தான். எல்லாருக்கும் பிடித்த, வாய் நிறையப் பேசுகிற நண்பன், ஆனால் கதை அவன் பக்கம் திரும்பாது. அவனாக நடித்த டேனியல் ஃபிரான்ஸீஸ், பத்து வருஷம் கழித்து 2014-ல், அந்தப் பாத்திரத்துக்கே எழுதும் ஒரு திறந்த கடிதத்தின் மூலம் தானும் கே என்று வெளிப்படையாகச் சொன்னார். எழுத்தாளர்கள் நகைச்சுவைத் துணையாக எழுதும் ஒரு பாத்திரம் யாருக்கு எவ்வளவு பெரிதாகப் போய்ச் சேரும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. அதனால்தான் நவீனை உதவியாளனாக விட்டுவிடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 'ஈஸி ஏ' (2010) படத்தின் பிராண்டனை வேகமாகக் கடந்துவிடலாம். நாயகியின் கதையைக் கிளப்பிவிட்டு அவன் ஒதுங்கிவிடுகிறான்.

நேரமில்லை, ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் ஒலிவியா வைல்ட் இயக்கிய 'புக்ஸ்மார்ட்' (2019) பாருங்கள். பள்ளியின் கடைசி இரவு, இரண்டு தோழிகள், மாலியும் ஏமியும். ஏமி லெஸ்பியன். அவள் அதை வீட்டிலும் பள்ளியிலும் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. படம் தொடங்கும்போதே அது பழைய செய்தி. அவளுடைய சிக்கல் வேறு: ஸ்கேட்போர்டில் வரும் ரயன் என்ற பெண்மேல் ஆசை, ஆனால் பேச வாய் வராது. மாலிக்கு நிக் என்ற பையன்மேல் ஆசை, ஒத்துக்கொள்ளக் கௌரவம் இடம் தராது. இரண்டும் ஒரே எடை.

அப்புறம் அந்த நீச்சல்குளக் காட்சி. ஏமி தைரியத்தைத் திரட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதிக்கிறாள். நீருக்கடியில் நீந்திப் போகும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேலே வந்து பார்த்தால் ரயன் ஒருவனை முத்தமிட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஒருவன் நிக். ஒரே நொடியில், ஒரே நிகழ்ச்சியில், இரண்டு தோழிகளின் மனசும் உடைகிறது. இதைத் திரைக்கதைப் பாடமாக நூறு முறை சொல்லிக்கொடுக்கலாம். ஏமியின் ஏமாற்றத்தையும் மாலியின் ஏமாற்றத்தையும் எழுத்தாளர்கள் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். இவளுடையது பெரிய துயரம், அவளுடையது சின்ன ஏமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏமி லெஸ்பியனாக இல்லாவிட்டால் இந்தக் காட்சியே கிடையாது. அதே சமயம் காட்சி அதைப் பற்றியும் இல்லை. உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அதே படத்தில் ஏமியின் பெற்றோரையும் பாருங்கள். மகளை ஏற்றுக்கொள்வதில் அளவுக்கு மீறிய உற்சாகம். மாலியும் ஏமியும் ஜோடி என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டு, ரொம்பப் பக்குவமாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். இங்கேயும் சிரிப்பு பெற்றோரின் தடுமாற்றத்தில் இருக்கிறது.

கிரெக் பெர்லான்டி இயக்கிய 'லவ், சைமன்' (2018) வேறு மாதிரி. பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்று ஒரு கே பையனின் காதலை நடுவில் வைத்து எடுத்த முதல் டீன் படம் என்று பேசப்பட்டது. சைமன் வெளியே சொல்லலாமா வேண்டாமா என்பதுதான் அதன் முழு ஓட்டமும். நீங்கள் தேடும் சர்வசாதாரணம் அதில் குறைவு. ஆனாலும் ஒரு உத்திக்காகப் பாருங்கள். சைமன் பெயர் தெரியாத ஒரு பையனோடு மின்னஞ்சலில் பேசுகிறான். அவன் பள்ளியில் யாரென்று சந்தேகப்படுகிறானோ அந்த முகம் கடிதத்தில் தெரிகிறது. சந்தேகம் மாறினால் முகமும் மாறுகிறது. யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று நாமும் கூடவே தவிக்கிறோம். கணினித் திரையில் எழுத்து ஓடுவதை இப்படி முகமாக மாற்றிய யோசனை, வாட்ஸாப்பில் பாதிக் கதை நடக்கும் உங்கள் தொடருக்கு உதவும்.

'ஹார்ட்ஸ்டாப்பர்' பற்றி நீங்களே எழுதியிருந்தீர்கள், அதனால் சுருக்கமாக. இரண்டு பள்ளிப் பையன்களின் காதல் கதை. ஆலிஸ் ஓஸ்மன் 2016-ல் இணையத்தில் சித்திரக்கதையாகத் தொடங்கியது, 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது. அதன் பலம் பார்வையில் இருக்கிறது. இரண்டு கைகள் நெருங்கும்போது திரையில் வரைந்த பொறிகள் பறக்கும், அவ்வளவுதான் நடக்கும், அதற்கே மூச்சு நின்றுவிடும். இது நமக்குப் புதிதும் இல்லை. வள்ளுவர் 'குறிப்பறிதல்' அதிகாரத்தில், நான் பார்த்தால் தரையைப் பார்க்கிறாள், பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்று 1094-ஆம் குறளில் எழுதிவைத்த அதே காட்சிதான். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருக்கும் ஊரில் கதை எழுதுகிறீர்கள். நவீனுக்கும் அந்த ஒரு குறளளவு காட்சி வேண்டும். இரண்டாம் பகுதியிலேயே வேண்டும். அதுவும் வசனமில்லாமல்.

நம் வீட்டுச் சூழலுக்குக் கிட்டத்தில் வருவது 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020 முதல் 2023 வரை, நான்கு பருவம்). நாயகி தேவி விஸ்வகுமார் கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். அவள் தோழி ஃபேபியோலா ரோபோ செய்கிறவள், லெஸ்பியன். முதல் பருவத்தில் அவள் வெளியே சொல்லும் பகுதி அழகாக இருக்கும், ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. இரண்டாம் பருவத்தில் ஃபேபியோலாவுக்கு ஒரு காதலி இருக்கிறாள். அந்தக் காதலியின் நண்பர்கள் பேசும் தொடர்களும் பாடகர்களும் இவளுக்கு ஒன்றும் தெரியாது. லெஸ்பியனாக இருப்பதற்கும் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, அதில் தான் பின்தங்கிவிட்டோம் என்று பயந்து, தெரிந்தமாதிரி நடித்து, கடைசியில் உடைந்துபோகிறாள். அவள் எப்போதும் போல ரோபோ செய்யும் பெண்தான். மூன்றாம் பருவத்தில் பள்ளித்தோழி அனீசாவோடு கொஞ்ச நாள் பழகுகிறாள். இருவருக்கும் ஒட்டவில்லை, சங்கடத்தோடு பிரிகிறார்கள். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. சும்மா சரிப்பட்டு வரவில்லை, அவ்வளவுதான். அப்படிச் சாதாரணமாகப் பிரியும் உரிமை திரையில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அபூர்வமாகவே கிடைத்திருக்கிறது.

நம் பக்கம் எப்படி என்று கேட்டால், பழைய கணக்கு வருத்தமானது. 2003-ல் வந்த 'கல் ஹோ நா ஹோ' இரண்டு ஆண்களை ஜோடி என்று தப்பாக நினைத்து வேலைக்காரம்மா அதிர்ச்சியாவதைத் திரும்பத் திரும்ப நகைச்சுவையாக வைத்தது. 2006-ல் 'வேட்டையாடு விளையாடு' தன்பாலீர்ப்பைத் தொடர் கொலைகாரர்கள்மேல் ஏற்றியது. எனக்குத் தெரிந்த பல பேர் அந்தப் படத்தைத் தியேட்டரில் நண்பர்களோடு பார்த்தவர்கள், சுற்றிலும் எழுந்த கைதட்டலை இன்னும் மறக்கவில்லை. 2010-ல் வெங்கட் பிரபுவின் 'கோவா' சம்பத், அரவிந்த் ஆகாஷ் இருவரையும் ஒரு ஜோடியாகக் காட்டியது. நகைச்சுவைக்குத்தான் பயன்படுத்தினார்கள், ஆனாலும் அவர்களுக்குள் பொறாமையும் பாசமும் இருந்தது. ஒரு வெகுஜனத் தமிழ்ப் படத்துக்கு அது அன்று பெரிய விஷயம். 2022-ல் பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' ஒரு நாடகக் குழுவுக்குள் தன்பாலீர்ப்பு ஜோடிகளையும் ஒரு திருநங்கையையும் மற்றவர்களோடு மற்றவர்களாக உட்காரவைத்துக் காதலைப் பற்றிப் பேசவிட்டது.

உங்களுக்கு மிகவும் பயன்படுவது 2025 பொங்கலுக்கு வந்த 'காதலிக்க நேரமில்லை'. கிருத்திகா உதயநிதி இயக்கம். நாயகன் பெங்களூரில் இருப்பவன், அவன் நெருங்கிய நண்பன் சேதுவாக வினய் ராய். சேது கே. அது கதையில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. அப்பா ஆக வேண்டும் என்பது சேதுவின் ஆசை. அந்த ஆசைக்காக மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்குப் போன நாயகனும் விந்தணு கொடுக்கிறான், மொத்தக் கதையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. சேதுவின் ஆசை இல்லையென்றால் படமே இல்லை. அவர்கள் பெரியவர்கள், உங்கள் பிள்ளைகளுக்குப் பதினேழு வயது. ஆனாலும் தமிழ்ப் பார்வையாளர்கள் இதைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள் என்ற தைரியத்தை அந்தப் படம் தருகிறது.

இனி உங்கள் கதை. இங்கேதான் அமெரிக்கப் படங்களை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது, காரணம் நீங்கள் நினைப்பதும் இல்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகளின் காதல் வீட்டுக்குத் தெரிந்தே நடக்கும். பையன் வாசலில் வந்து நிற்பான், அப்பா கதவைத் திறப்பார். அதனால் கே பிள்ளையின் மௌனம் மட்டும் தனியாகத் தெரியும். அல்சூரில் ஒரு தமிழ் வீட்டில் யாருடைய காதலும் வீட்டுக்குத் தெரியாது. கவிதாவும் பொய் சொல்கிறாள், ஜோசப்பும் பொய் சொல்கிறான். எல்லாரும் கம்பைன்ட் ஸ்டடி என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நவீனின் ரகசியம் நான்கு ரகசியங்களில் ஒன்று. இயல்பு வேண்டும் என்கிறீர்களே, இந்த ஊர்ச் சூழலே அதை உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. வரைவில் அதைத் தொடவே இல்லை.

தொட்டால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். நவீனுக்கு கோச்சிங் கிளாஸில் ஒரு பையன்மேல் ஆசை என்று வைத்துக்கொள்வோம். கவிதா ஜோசப்போடு போனில் இரண்டு நிமிஷம் பேசவே மொட்டைமாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. நவீன் வீட்டுக்கோ அந்தப் பையன் தாராளமாக வரலாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம், ராத்திரி தங்கலாம். "நல்ல பையன்டா, அவனோட சேர்ந்து நீயும் மார்க் வாங்குவே" என்று அம்மாவே தோசை சுட்டுப்போடுவார். மற்ற மூன்று பேரும் பொறாமையில் வெந்துபோவார்கள். நவீனுக்கோ அந்தப் பையனுக்குத் தன்மேல் ஆசை உண்டா, அவன் வெறும் கெமிஸ்ட்ரி நோட்ஸுக்காக வருகிறானா என்றே தெரியாது. இது சுத்தமான ரொமான்டிக் காமெடி. அம்மா இவ்வளவு அன்பாக இருப்பது விஷயம் தெரியாததால்தான் என்பது நவீனுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். அந்த ஒரு முள் அங்கேயே இருக்கட்டும். யாரும் அதை வாயால் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஜோசப் கவிதாவின் எண்ணை வேறு ஏதோ பெயரில் சேமித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நவீனும் அதையே செய்யட்டும். அந்தப் பையனின் எண்ணை "கெமிஸ்ட்ரி ட்யூஷன்" என்று போட்டு வைக்கட்டும். மூன்றாம் பகுதியில் ஃபீஸ் விஷயமாக அம்மா அந்த எண்ணுக்கே போன் செய்துவிட்டால்? அந்தப் பையன் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு ட்யூஷன் சாராகப் பேச வேண்டியதாகிவிடும். பேசி முடித்த பிறகு, தன் எண்ணை எதற்கு இப்படி ஒளித்துவைத்தான் என்று அவன் யோசிப்பான். அங்கேயே காதல் வெளிப்பட்டுவிட்டது. நண்பர் கேட்ட கேள்விக்கு இது போதும். நவீன் கேயாக இல்லாவிட்டால் இந்தப் பகுதியே எழுத முடியாது.

பயத்தை முழுக்கத் துடைத்துவிட்டால்தான் இயல்பு என்று நினைக்காதீர்கள். நவீனின் வயதைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தபோது அவன் தொடக்கப் பள்ளியில் இருந்தான். தான் ஒரு குற்றவாளி என்ற எண்ணம் அவன் வளர்ந்த காலத்தில் இல்லை. அவன் பெற்றோர் வளர்ந்த காலம் அப்படி இல்லை. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த இதே உரிமையை 2013-ல் உச்ச நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டதையெல்லாம் செய்தித்தாளில் படித்தவர்கள், அல்லது படிக்காமல் பக்கத்தைத் திருப்பியவர்கள். கல்யாண உரிமை 2023 அக்டோபரில் மறுக்கப்பட்டது. அதனால் "என் பேரன் கல்யாணத்தைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்" என்று பாட்டி சொல்லும் சாதாரண வசனம் இந்த வீட்டில் வேறு விதமாக ஒலிக்கும். நவீன் பாட்டியைக் கட்டிக்கொண்டு "நூறு வயசு இருப்பே பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். காட்சி அவ்வளவுதான்.

வீட்டில் சொல்லும் காட்சி இந்தப் பருவத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. நண்பர்களுக்கு முன்பே தெரியும் என்று தொடங்குங்கள். எப்படித் தெரியும் என்று விளக்கவும் வேண்டாம். ஜோசப் முதலில் எப்படி எடுத்துக்கொண்டான் என்று ஒரு முன்கதை எழுதியிருக்கிறீர்களே, அதை நீக்கிவிடுங்கள். அதில் ஜோசப் நல்லவனாகத் தெரிவதற்காக நவீன் காத்துக்கொண்டு நிற்கிறான்.

ஐந்தாம் பகுதியில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து டாக்டரிடம் கூட்டிப்போவது நகைச்சுவையாக இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதானால் டாக்டரை மட்டும் மாற்றுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில், இதைக் "குணப்படுத்துகிறேன்" என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னது. மறுவருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டரைச் சிரிப்புக்குக் காட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு அம்மா அப்படிப்பட்ட டாக்டரைத் தேடிப் போவார். பையனுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கிறது என்று அம்மாவை உட்காரவைக்கும் டாக்டரை எழுதுங்கள். சிரிப்புக்குச் சிரிப்பும் குறையாது.

படங்களைத் தனியாக லேப்டாப்பில் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பெங்களூரு குவியர் திரைப்பட விழாவுக்கு ஒருமுறை போய் உட்காருங்கள். எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கிறது, எந்த இடத்தில் சிரிக்காமல் அமைதியாகிறது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது பத்துத் திரைக்கதைப் புத்தகத்துக்குச் சமம். 'குட் ஆஸ் யூ' என்ற தன்பாலீர்ப்பாளர் ஆதரவுக் குழு 1994-லிருந்து இந்த ஊரில் இயங்கிவருகிறது. வரைவு ஓரளவு தேறியதும் நவீனின் வயதைக் கடந்துவந்த தமிழ் பேசும் கே இளைஞர்கள் இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

தயாரிப்பாளர் 'ஏ' சான்றிதழ் பயத்தைக் கிளப்புவதாக எழுதியிருந்தீர்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓ.டி.டி. தளங்களே யூ, யூ/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்துகின்றன. ஒரு பையன் இன்னொரு பையனைப் பார்த்து வெட்கப்படுவதும், கவிதா ஜோசப்பைப் பார்த்து வெட்கப்படுவதும் ஒரே வகையில்தான் வரணும். எல்லாருக்கும் பதினேழு வயது என்பதால் நால்வருக்கும் ஒரே கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்: கைகோர்ப்பது வரைக்கும், அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. நவீனுக்கு மட்டும் அதைவிடக் குறைத்தால் பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக நடிகர் தேர்வு. நவீனாக நடிக்க வரும் பையனிடம் நீ கேயா என்று யாரும் கேட்கக் கூடாது, விளம்பரக் குழுவும் கேட்கக் கூடாது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' நடிகர் கிட் கானருக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, 2022 அக்டோபரில், ரசிகர்களின் தொல்லை தாங்காமல் தான் இருபால் ஈர்ப்பு உள்ளவன் என்று ட்விட்டரில் எழுத வேண்டியதாகிவிட்டது. எட்டு பகுதி முழுக்க யாரையும் அவசரப்படுத்தாதீர்கள் என்று சொன்ன தொடரின் நடிகருக்கே அது நடந்தது. உங்கள் பையன் அல்சூரிலோ கே.ஆர்.புரத்திலோ ஒரு தமிழ் வீட்டிலிருந்து வருவான், அவனுக்கும் ஒரு பாட்டி இருப்பார். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: பேட்டிகளில் அவன் சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விக்கு அனுமதி இல்லை, நால்வருக்கும் அதே விதி.